இதர வேலை

மூன்றாம் மாடியில் படுத்துக் கிடந்த சாரக்காரருக்கு ஆள் வருவதில் குறைவே இல்லை. திங்கள்கிழமை சபையிலிருந்து வேதம் வாசிக்க வருவார்கள். புதன்கிழமை பாட வருவார்கள். வெள்ளிக்கிழமை ஜெபிக்க வருவார்கள். நடுவில் ஒரு நாள் பூ அலங்காரத்து அம்மாள் வந்து ஜன்னலோரச் சாடியில் பூ சொருகிவிட்டுப் போவார். அது வாடுவதற்குள் அடுத்த பூ வந்துவிடும். வருகிறவர்கள் எல்லாரும் செருப்பை வாசலில் விட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, கட்டிலுக்கு மூன்றடி தள்ளியே நிற்பார்கள். தொடையில் புண் கசிகிற மனிதன் ஆறு வாரமாகக் கிடக்கிற ஒற்றை அறை எப்படி நாறுமோ அப்படித்தான் நாறியது. அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது.

அவர் மனைவிக்கு லாண்டிரியில் வேலை. காலை ஆறு முதல் இரண்டு வரை ஹோட்டல்களிலிருந்து வரும் விரிப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டும். அதற்கு முன்னால் வீட்டில் ஒரு ஷிப்ட். மலச்சட்டியை வைத்து எடுக்க வேண்டும். வெந்நீரில் துணி பிழிந்து உடம்பைத் துடைக்க வேண்டும். கிடக்கிற ஆளுக்கு அடியில் விரிப்பு மாற்றுவது தனிக் கலை. பழைய விரிப்பை முதுகு வரை சுருட்டி, புது விரிப்பின் பாதியை அதோடு சேர்த்துச் சுருட்டி, ஆளை அந்த மேட்டின் மேல் புரட்டி, மறுபக்கம் ஓடி இரண்டையும் இழுக்க வேண்டும். அவர் நல்ல ஆகிருதி. புரட்டும்போது அவளுடைய தோளில் ஏதோ ஒன்று ‘ளொடக்’ என்று சொல்லும். மழைக்காலம் வேறு. துவைத்த விரிப்பு மூன்று நாளானாலும் காய்வதில்லை. அறைக்குள்ளே குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டி, அதற்கடியில் குனிந்து குனிந்து நடந்தாள்.

இருபத்தாறு வருஷம் சாரம் கட்டியவர். எட்டு மாடி உயரத்தில் ஒற்றைக் கழியில் நின்று பீடி பற்றவைத்தவர். அங்கெல்லாம் விழவில்லை. சபைக் கோயிலுக்குள், பீடத்துக்குப் பின்னால், ஒரு சனிக்கிழமை மத்தியானம் கூரைக்கு வெள்ளையடிக்கும்போது விழுந்தார். தரை வழவழவென்று இருக்கிறது, கழி நழுவும், கீழே சாரத்தின் காலைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டுத்தான் ஏறினார். பிடித்துக்கொண்டிருந்த ஆள், பாட்டுப் பயிற்சிக்கு மணியடித்ததும் போய்விட்டார். ‘ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு’ என்று சாரக்காரர் இன்றைக்கும் அவருக்குப் பரிந்து பேசுவார்.

அந்தச் சபையில் வருஷம் பிறந்தால் வீட்டுக்கு வீடு ஒரு அட்டை கொடுப்பார்கள். ஆண்டவர் உனக்குத் தந்த தாலந்து எது, அதைச் சபைக்கு எப்படித் தருவாய் என்று கேட்கிற அட்டை. வாசிப்பு, பாட்டு, வாத்தியம், ஜெபம், ஞாயிறு பள்ளி, பூ அலங்காரம், ஒலிபெருக்கி, போட்டோ, வரவேற்பு என்று கட்டம் கட்டமாக இருக்கும். கடைசிக் கட்டம் ‘இதர வேலை’. சாரக்காரருக்கு நல்ல குரல். முதல் வருஷம் பாட்டு என்று டிக் அடித்தார். கூப்பிட்டும் அனுப்பினார்கள். குளித்து, தலை சீவிப் போனால், பியானோவை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்தச் சொன்னார்கள். அடுத்த வருஷத்திலிருந்து அவரே கடைசிக் கட்டத்துக்குப் போய்விட்டார்.

புண்ணைக் கட்ட வாரம் ஒரு முறை வருகிற நர்ஸ் போன வெள்ளிக்கிழமை துணியை அவிழ்த்ததும் முகம் சுளித்தாள். “சீழ் பிடிச்சிருக்கு. எலும்பு டாக்டர் மாசத்துல ஒரு வியாழக்கிழமைதான் வருவாரு. வர்ற வியாழன் விட்டா அடுத்த மாசம்தான். அதுவரைக்கும் உள்ள வச்ச கம்பி தங்காது. கம்பி தங்கலைன்னா கால் தங்காது. எப்படியாவது கொண்டு வந்துருங்க” என்றாள்.

எப்படியாவது என்று சொல்வது சுலபம். லிஃப்ட் இல்லாத கட்டடம். அறுபத்தி நாலு படி. ஆறு இடத்தில் திருப்பம். ஆஸ்பத்திரி வேனுக்குச் சொன்னால், டிரைவர் ஒருத்தன்தான் வருவான், ஸ்ட்ரெச்சர் தருவோம், ஆளைக் கீழே கொண்டு வந்து வைப்பது உங்கள் பாடு என்றார்கள். அவரோடு சாரம் கட்டுகிற ஆட்கள் எல்லாரும் பாலம் ஒன்றுக்காக வெளியூர் போய் இரண்டு மாதமாகிறது. கீழ்வீட்டுத் தையல்காரருக்கு எழுபது வயது, குடலிறக்கம்.

“நெட்டச்சி வரேங்கறா” என்றாள் மனைவி, அவருக்குக் கஞ்சியை ஊட்டிக்கொண்டே. நெட்டச்சி லாண்டிரியில் அவளுக்கு ஜோடி. ஈர விரிப்பு மூட்டையை இயந்திரத்திலிருந்து காயப்போடும் மாடிவரை இரண்டு பேரும்தான் தினமும் சுமக்கிறார்கள். “அவளும் நானும் தூக்கிருவோம்.”

“நான் என்ன துணி மூட்டையா?”

“துணின்னா வாய் பேசாம வருமே.”

“பொம்பளைங்க ரெண்டு பேரு என்னைத் தூக்கிட்டுப் போறதைத் தெருவே வேடிக்கை பாக்கணுமா? நான் எங்க விழுந்தேன், சொல்லு.”

“கோயில்ல.”

“யாருக்காக ஏறுனேன்?”

அவள் கரண்டியை நீட்டினாள்.

“சபைக்காக ஏறுனேன். சபை வந்து இறக்கட்டும். நூத்தி நாப்பது குடும்பம். நாலு ஆம்பளைக்கா பஞ்சம்?”

“ஆறு வாரமா வர்றாங்க, போறாங்க. ஒருத்தராவது அந்தச் சட்டியை நகத்தி வச்சிருப்பாங்களா?”

“நீ கேட்டியா?”

“இதையெல்லாம் வாயத் தொறந்து கேக்கணுமா?”

“கேக்கணும்டி. அவங்களுக்கெல்லாம் நோயாளி வீட்டுல என்ன வேலை இருக்கும்னு தெரியாது. கேட்டா ஓடி வருவாங்க. அவங்க மேல அவ்வளவு அவநம்பிக்கை வைக்காத.”

கஞ்சி அவர் தாடையில் வழிந்தது. துடைத்துவிட்டாள். இந்த மனுஷனுக்குக் கால் போவதைவிட அந்த நம்பிக்கை போவதுதான் பெரிய நஷ்டம்போல என்று அவளுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் பக்கத்து அறைக்குப் போனாள். தாலந்துகளைப் பங்கிட்டு அனுப்புகிற பொறுப்பு டீச்சருடையது. பள்ளிக்கூடத்தில் ரிடையர் ஆகி இங்கே வேலை ஏற்றவர். செருப்பு வாங்கிய பெட்டிகளில் அட்டைகளை வகைவகையாக அடுக்கி, பெட்டி மேல் வண்ணக் காகிதம் ஒட்டியிருந்தார். பாட்டுப் பெட்டி நிறைந்து பிதுங்கியது.

“வாம்மா. எப்படி இருக்காரு? வாசிக்கிறவங்க ஒழுங்கா வர்றாங்களா?”

“வர்றாங்க டீச்சர்.”

“பாட்டு?”

“அதுவும் வருது.”

“பூ?”

“நிறைய இருக்கு டீச்சர். வியாழக்கிழமை எட்டு மணிக்கு அவரைக் கீழ இறக்கணும். தூக்கறதுக்கு நாலு ஆம்பள வேணும்.”

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பெட்டிகள்மேல் விரலை ஓட்டினார். “தூக்கறதுக்குன்னு கட்டம் இல்லையேம்மா... இரு, இதர வேலையில பாக்கறேன்.” கடைசிப் பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு அட்டை. எடுத்து, தூரத்தில் பிடித்து, சத்தமாகப் படித்தார். “சாரம் கட்ட. வெள்ளையடிக்க. சாக்கடை அடைப்பு எடுக்க. தூக்க. இறக்க. எந்த நேரமும்.” அப்புறம் பெயரைப் பார்த்துவிட்டு மெல்லக் கீழே வைத்தார். “இது உங்க வீட்டுக்காரரு.”

“ஆமா டீச்சர்.”

“வேற யாரும் எழுதலையேம்மா.”

“எழுதலைன்னா என்ன டீச்சர்? கை இருக்கே. பாட்டுல எத்தனை பேரு இருக்காங்க, அவங்கள்ல நாலு பேரைச் சொல்லுங்களேன்.”

“அப்படிச் சொல்ல முடியாதும்மா. அவங்க பாட்டுக்குன்னு குடுத்தவங்க. நாம வேற ஒண்ணுக்குக் கூப்பிட்டா சங்கடப்படுவாங்க. போன வருஷம் நாற்காலி அடுக்கச் சொன்னதுக்கே ரெண்டு பேரு வராம நின்னுட்டாங்க.” டீச்சர் நல்லவர்தான். அவருக்கே வெட்கமாக இருந்தது, அட்டையின் முனையை நகத்தால் நீவிக்கொண்டே இருந்தார். “நீ கவலைப்படாத. நான் அறிவிப்பு குடுக்கறேன். வருவாங்க.”

“டீச்சர், தூக்கறதுக்குன்னு தெளிவா சொல்லிடுங்க.”

“பக்குவமா சொல்றேன்மா.”

சாயந்தர ஆராதனையில் அந்தப் பக்குவம் இப்படி வந்தது: ‘நமது சகோதரர் வியாழனன்று சிகிச்சைக்குப் புறப்படுகிறார். அவரை வழியனுப்பும் நேரத்தில் தாங்க விரும்புகிறவர்கள், அவரவர் தாலந்தோடு காலை எட்டு மணிக்கு வரவும்.’

வியாழக்கிழமை மழை விடாமல் பெய்தது. எட்டு மணிக்கு வேன் வந்து தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. டிரைவர் ஸ்ட்ரெச்சரைப் படி வாசலில் சாத்திவைத்துவிட்டு, “பதினோரு மணிக்கு டாக்டர் கிளம்பிருவாரு. நான் வண்டிய விட்டு நகர முடியாது” என்று சொல்லி ஸ்டியரிங்குக்குப் போய்விட்டான். எட்டேகாலுக்குச் சபையார் பதினோரு பேர் குடையும் கையுமாக ஏறி வந்தார்கள். பூ அம்மாள் பூவோடு வந்தார். வாசிப்புக்காரர் புத்தகத்தோடு வந்தார். போட்டோக்காரர் கேமராவை நனையாமல் சட்டைக்குள் வைத்திருந்தார். ஒலிபெருக்கிக்காரர் ஒரு சின்னப் பெட்டியும் மைக்கும் கொண்டு வந்து, “பிளக் பாயிண்ட் எங்க இருக்கு?” என்று கேட்டார். டீச்சரும் ஜெபக் குழுப் பெரியவரும் வந்தார்கள். பாட்டு மாஸ்டர் பின்னால் நாலு ஆண்கள், வெள்ளைச் சட்டையில்.

சாரக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியா” என்று மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

முதலில் பாடினார்கள். பிறகு வாசித்தார்கள். எட்டே முக்கால் ஆனது. அவள் ஸ்ட்ரெச்சரை அவளே இழுத்துக்கொண்டு வந்து கட்டிலோரம் போட்டாள்.

“தூக்கலாமா?” என்றாள்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “வேன் ஆளுங்க தூக்க மாட்டாங்களா?” என்றார் வாசிப்புக்காரர்.

“மாட்டாங்க.”

“எனக்கு இடுப்புல பெல்ட்டும்மா.”

“எனக்குப் பிரஷர்” என்றார் ஜெபக் குழுப் பெரியவர்.

போட்டோக்காரர் கேமராவைக் காட்டினார். ஒலிபெருக்கிக்காரர் இன்னும் பிளக் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் எல்லார் கண்ணும் வெள்ளைச் சட்டைகள் நாலு பேர்மேல் போய் நின்றது. மாஸ்டர் தொண்டையைச் செருமினார். “சரி, என் பசங்க தூக்குவாங்க. என் கை மட்டும் வாத்தியம் வாசிக்கிற கை, அதுல பாரம் ஏத்தக் கூடாது. நான் முன்னால நின்னு நடத்தறேன்.”

சாரக்காரருக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரில் மாற்றிப் படுக்க வைத்ததும், மல்லாந்தபடியே மேஸ்திரியாகிவிட்டார். “கால் பக்கம் முன்னால போகணும். முன்னால பிடிக்கிற ரெண்டு பேரு நெஞ்சு வரைக்கும் தூக்கணும், பின்னாடி ரெண்டு பேரு முட்டியை மடக்கி இறங்கணும். அப்பத்தான் நான் சமமா இருப்பேன். மாஸ்டர், வாயால சொல்லுங்க. ‘ம், தூக்கு’ன்னு ஒரே சத்தம். நாலு பேரும் ஒரே நேரத்துல.”

“என் பசங்களுக்குச் சத்தம் தேவையில்ல. கையைப் பாத்தாப் போதும்” என்றார் மாஸ்டர்.

முதல் பத்துப் படி நன்றாகவே இறங்கியது. சாரக்காரர் விடாமல் குரல் கொடுத்தார். அவளும் ஒரு கையால் ஸ்ட்ரெச்சர் கழியைத் தாங்கிக்கொண்டு பக்கச் சுவரை உரசியபடி இறங்கினாள். முதல் திருப்பத்தில் ஈரச் சிமெண்ட். கை மாற்ற வேண்டுமென்று இறக்கி வைத்தார்கள். மூச்சு வாங்கியது. மேலேயிருந்து போட்டோக்காரர், “ஒரு நிமிஷம், அப்படியே” என்றார்.

அந்த நாலு பேரும் மூன்று மாதமாக ஒரு பாட்டைப் பழகிக்கொண்டிருந்தார்கள். அதில் டெனர் என்கிற மேல்குரல் முதலில் எடுக்கும், பேஸ் என்கிற கீழ்க்குரல் இரண்டு எண்ணிக்கை விட்டு உள்ளே வரும். தலைப்பக்கம் நின்ற இருவரும் டெனர். கால்பக்கம் நின்ற இருவரும் பேஸ். மாஸ்டர் படிக்குக் கீழே நின்று, பழக்க தோஷத்தில், இடது கையை ஒயிலாக மேலே எடுத்தார். டெனர் தூக்கியது. பேஸ் எண்ணிக்கொண்டு நின்றது.

ஒன்று, இரண்டு. அதற்குள் தலைப்பக்கம் தோள் உயரம் போய்விட்டது, கால்பக்கம் தரையிலேயே இருந்தது. சாரக்காரர் சறுக்கு மரத்தில் வருகிற மாதிரி முழு உடம்போடு வழுக்கினார். கெட்ட கால் முதலில் போய்ச் சுவரில் மோதியது. ஸ்ட்ரெச்சர் துணி தையல் விட்டுக் கிழிந்தது. அவர் பாதி தரையிலும் பாதி படியிலுமாகக் கிடந்தார்.

யாரும் கத்தவில்லை. அவர்கூடக் கத்தவில்லை.

“நாங்க எங்க எண்ணிக்கைக்குத்தான் தூக்குனோம்” என்றார் பேஸ்களில் ஒருவர்.

“கை கொஞ்சம் முந்திடுச்சோ” என்று மாஸ்டர் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

அவள் தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். “தூக்குங்க” என்றாள். யாரும் குனியவில்லை. விழுந்தவனைத் தொட இப்போது பயம். ஜெபக் குழுப் பெரியவர்தான் வழி கண்டுபிடித்தார். “எல்லாரும் கண்ணை மூடுங்க. இந்த நேரத்துல ஜெபம் ஒண்ணுதான்.” பதினோரு பேரும், மேல் படியிலும் கீழ்ப் படியிலும், நின்ற நின்ற இடத்தில் கண்ணை மூடினார்கள். பெரியவருக்கு நீளமாக ஜெபிக்கிற வரம்.

அப்போதுதான் கீழேயிருந்து, லாண்டிரிச் சீருடையும் நனைந்த தலையுமாக நெட்டச்சி ஏறி வந்தாள். கண் மூடி நின்றவர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“என்னடி இது, யாராச்சும் செத்துட்டாங்களா?” என்றாள், ரகசியக் குரலில்.

“இன்னும் இல்ல. விரிப்பு ஒண்ணு எடுத்துட்டு வா.”

நெட்டச்சி மேலே ஓடி, கொடியில் கிடந்த ஈர விரிப்பை உருவிக்கொண்டு வந்தாள். ஈரத் துணி இழுவை தாங்கும், கிழியாது. அவருடைய கெட்ட காலை நல்ல காலோடு சேர்த்துத் துண்டால் கட்டினார்கள். புரட்டி, விரிப்பை அடியில் விட்டு, முனைகளை முறுக்கி மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார்கள். பேச்சே தேவைப்படவில்லை. பதினைந்து வருஷமாக ஒரே மூட்டையின் இரண்டு பக்கம். ஒருத்தி மூச்சை இழுத்தால் மற்றவளுக்குத் தெரியும்.

“புடவை தடுக்குது, சொருகிக்க” என்றாள் நெட்டச்சி. அவ்வளவுதான்.

இறங்கினார்கள். இரண்டாவது திருப்பத்தில் பூ அம்மாள் வழியை அடைத்து நின்றார். “கொஞ்சம் தள்ளுங்கம்மா” என்று நெட்டச்சி சொல்ல, அவர் கண்ணைத் திறக்காமலே சுவரோடு ஒதுங்கினார். டீச்சர் மட்டும் கண்ணைத் திறந்தார். பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு, வகுப்பில் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட பிள்ளை மாதிரி, மறுபடி இறுக மூடிக்கொண்டார்.

சாரக்காரர் விரிப்புக்குள் கிடந்தபடி வேறு எங்கும் பார்க்காமல் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அவளுடைய வேர்வை அவர் நெற்றியில் சொட்டியது. கீழே வந்து வேனில் ஏற்றியபோதும் மேலே குரல் ஓயவில்லை.

“ஆளு நிறைய போனாங்களே, அவங்க எங்க?” என்றான் டிரைவர்.

“வண்டிய எடுப்பா” என்றாள் நெட்டச்சி.

டாக்டர் பத்தே முக்காலுக்கு அவரைப் பார்த்தார். படம் எடுத்துப் பார்த்துவிட்டு வெளிச்சப் பெட்டிமேல் பேனாவால் தட்டினார். கம்பி வளைந்திருந்தது. கூடிக்கொண்டிருந்த எலும்பு மறுபடி பிளந்திருந்தது.

“சீழ் மட்டும்னா கழுவி, மருந்து குடுத்துக் காப்பாத்தியிருக்கலாம். இது இன்னிக்கு ஒடிஞ்சது. யாரு தூக்குனது இவரை? தூக்கத் தெரியாதவங்ககிட்ட எதுக்குக் குடுத்தீங்க?”

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“யாரும் இல்ல சார். நான்தான் அசைஞ்சிட்டேன். அவங்க நல்லாத்தான் பிடிச்சிருந்தாங்க.”

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

கம்பியை எடுக்க வேண்டும், சீழ் மேலே ஏறாமல் இருக்கக் காலையும் முட்டிக்கு மேலே எடுக்க வேண்டியிருக்கும், சாயந்தரத்துக்குள் கையெழுத்து வேண்டும் என்றார்கள். சாரக்காரர் தாளை வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்து, தானே கையெழுத்துப் போட்டார். ஆண்கள் வார்டில் நாலு மணி வரை பெண்கள் நிற்கக் கூடாது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள்.

வராந்தா பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நெட்டச்சி இரண்டு டீயும் ஒரு பன்னும் வாங்கி வந்து, பன்னைப் பிய்த்துப் பாதியைக் கொடுத்தாள். இரண்டு பேருடைய மணிக்கட்டிலும் விரிப்பு அறுத்த கோடு சிவப்பாகக் கன்றியிருந்தது.

“உன் புருஷன் எதுக்குடி அப்படிப் பொய் சொன்னாரு?” என்றாள் நெட்டச்சி. “காலே போகப் போகுது. இன்னும் அவங்களைக் காப்பாத்தி என்ன ஆகணும்?”

அவள் பன்னை டீயில் நனைத்தாள். அது ஊறி உடைந்து உள்ளே விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஞாயித்துக்கிழமையானா அவருக்கு அங்க போகணுமே.”

“ஒத்தக் காலோட, மூணு மாடி இறங்கி எப்படிப் போவாரு?”

“வந்து தூக்கிட்டுப் போவாங்கன்னு நெனைக்கறாரு.”